ஆக்சிஜன் வெச்சுட்டாங்க!

போன மழைக்காலத்தில் என் கணவருக்கு வைரஸ் காய்ச்சல் நுரையீரல்வரை போய்விட்டது. கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிற மனிதர், ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட மூச்சு முட்டித் திணறினார். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் மூக்கில் குழாய் மாட்டி மெஷினை ஓடவிட்டதும், காற்று ‘உஸ்’ஸென்று பாய்ந்தது. பயந்துபோய் வெளியே ஓடி, மாமல்லபுரத்தில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, ஆக்சிஜன் வெச்சுட்டாங்க!”

அதற்குமேல் அழுகைதான் வந்தது. எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் இனிப் பிழைக்கமாட்டார். அண்ணன் சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு, ரோஜா மாலையோடு வந்துவிட்டார்.

அதற்குள், நான் திரும்பி உள்ளே போனதும் நடந்ததை என்னவென்று சொல்வேன்! தொண்டைக்குள் எதையும் இறக்கவில்லை. வெதுவெதுப்பான ஈரக் காற்று, அவ்வளவுதான். நீலம் பாரித்திருந்த உதடு என் கண்ணெதிரே சிவந்தது. விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் அளவு ஏறிக்கொண்டே போனது. கதவருகே நின்ற அண்ணனைப் பார்த்து அவர் மெதுவாகக் கேட்டார்:

“இன்னா மச்சான், மாலையோட வந்துகீற? யாருக்குக் கல்யாணம்?”

இப்போதெல்லாம் யாருக்கு இப்படி ஆனாலும், “ஆக்சிஜன் குடுத்துகினு கீறாங்க, மூச்சு வுடுறாரு” என்றுதான் போனில் சொல்கிறேன். கூடவே, “மாலை வாணாம்.”