கெங்கம்மாள் துணை

வசந்தாவின் அம்மா கெங்கம்மாள் பூந்தமல்லி சாலையில் போகிற பேருந்தில் ஏறமாட்டாள். திருநின்றவூரிலிருந்து கோயம்பேடு பக்கம் வேலை இருந்தால்கூட ரயிலேறி சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து திரும்பி வருவாள். ஒரே ஒரு முறை, மகளோடு வேறு வழியில்லாமல் அந்தப் பேருந்தில் வந்தபோது, வானகரம் தாண்டும்வரை முந்தானையால் முகத்தை மூடிக் குனிந்தே இருந்தாள். கேட்டதற்கு, "தூசிம்மா, கண்ணு எரியுது" என்றாள்.

சொந்தம் என்று யாரையும் அவள் சொன்னதில்லை. அப்பா அய்யாசாமி ஆவடியில் மூட்டை தூக்கிக் குடும்பத்தை நடத்தியவர். வசந்தாவுக்குக் கல்யாணம் செய்துவைத்த மறுவருடம் இறந்துபோனார். அந்தச் சாவுக்கும் அவர் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஊர் எது என்று கேட்டால், "காலராவுல எல்லாரும் பூட்டாங்க" என்பதோடு இருவரும் நிறுத்திக்கொள்வார்கள். ஓர் ஊரே காலராவில் போய்விட்டது என்று நம்பித்தான் வசந்தா வளர்ந்தாள்.

1990இல் வசந்தாவின் மகள் ராணி வயதுக்கு வந்தாள். ஆவணியில் கோவில்பதாகையில் வசந்தாவின் வீட்டிலேயே சடங்கு வைப்பதென்று முடிவானது. வசந்தா ஒற்றைப் பெண். கூடப்பிறந்த ஆண் இல்லாததால் தாய்மாமன் சீர் கொண்டுவர ஆள் கிடையாது. மாமியார் பொன்னியம்மா ஒருநாள் கெங்கம்மாளின் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லிவிட்டார்.

"தட்டு தூக்கினு வர ஒரு நாதி இல்ல. கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது? நீங்கள்லாம் மரத்துலருந்து உதுந்தவங்கன்னா?"

கெங்கம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கும் ஒரு அக்கா கீறா. எல்லம்மான்னு பேரு" என்றாள். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் மகள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் 'இருந்தா' என்று சொல்லாமல் 'கீறா' என்று சொன்னது வசந்தாவின் மனதில் தங்கிவிட்டது.

வசந்தாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. வருகிற சரக்கைச் சரிபார்த்து இறக்க வேண்டும். ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு புது டெம்போ சரக்கு கொண்டுவர ஆரம்பித்தது. அதன் நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'பூவாடை கெங்கம்மாள் துணை' என்று எழுதியிருந்தது. ஓட்டி வந்தவன் ஜானகிராமன், முப்பது வயதிருக்கும், சிரித்த முகம்.

"யாருப்பா இந்த கெங்கம்மாள்? எங்க அம்மா பேரும் அதான்" என்று வசந்தா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எங்க சின்னம்மா, அக்கா. கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே ஏரியில வுழுந்து பூட்டாங்க. எங்க ஊட்டுத் தெய்வமே அவங்கதான். அவங்களுக்குப் பூவும் பொடவையும் வெச்சிக் கும்புடாம நாங்க ஒரு நல்லது செய்ய மாட்டோம்."

"எந்த ஊரு?"

"வானகரம்."

வசந்தாவுக்குள் ஏதோ இடறியது. "உங்க அம்மா பேரு?"

"எல்லம்மா."

அவள் அப்படியே அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஜானகிராமன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "வெயிலுக்கா இப்டி ஆவுது, அக்கா?" என்றான். ஆமாம் என்று தலையாட்டினாள். ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இரண்டு பெயரும் ஓர் ஊரும் ஒன்றுசேர்ந்து வருவதை அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானகரத்தில் அவன் மாமா திருவேங்கடத்தின் வீட்டில் பூவாடைப் படையல். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நானும் வந்து கும்பிடட்டுமா என்று வசந்தா கேட்டபோது அவன் சந்தோஷமாக, "வாங்கக்கா, சக்தியுள்ள தெய்வம்" என்றான்.

பெரிய ஓட்டு வீடு. கூடத்தில் ஏரித்தண்ணீர் நிரப்பிய புதுப்பானை ஒன்று பூச்சுற்றி நின்றது. பக்கத்தில் மஞ்சள் புடவை, வளையல், வெற்றிலை பாக்கு. படம் எதுவும் இல்லை. சுமார் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பம்பைக்காரர் பம்பையை அடித்து, "நாகப்பன் பெத்த மகளே, தண்ணியில போன தாயே, கெங்கம்மா, எழுந்து வாம்மா" என்று பாடி அழைத்தார். திருவேங்கடத்தின் மனைவிக்கு அருள் வந்தது. தலைமுடி அவிழ்ந்து ஆட, ஈனக்குரலில், "குளுருது... தண்ணி குளுருது... என்னத் தனியா வுட்டுட்டீங்களே" என்று அழுதாள். கூடம் முழுக்கக் கை கூப்பியது. திருவேங்கடம் தரையில் விழுந்து, "மன்னிச்சிடு அக்கா, மன்னிச்சிடு" என்று விம்மினார்.

அன்று காலையில்தான் வசந்தா திருநின்றவூரில் அம்மாவைப் பார்த்து, அவள் சுட்டுக் கொடுத்த தோசையைத் தின்றுவிட்டு வந்திருந்தாள். சட்னியில் உப்பு கூடிவிட்டதென்று அம்மா வருத்தப்பட்டது இன்னும் காதில் இருந்தது. அந்த அம்மாவுக்காகத்தான் இத்தனை பேரும் அழுகிறார்களா? சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து உதட்டைக் கடித்தாள்.

அப்போது ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்தது. அறுபது வயதைத் தாண்டிய பெண். வசந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், பேசாமல் அவளைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"யாருடி நீ? அவ மூஞ்சிய அப்டியே வெச்சிகினு கீறியே."

"நீங்க எல்லம்மாவா? நான் கெங்கம்மாள் பொண்ணு."

எல்லம்மா கிணற்றுச் சுவரில் சாய்ந்தாள். பிறகு மிகச் சின்னக் குரலில், "உயிரோட கீறாளா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் கீறாங்க. நீங்க இன்னாத்துக்கு அவங்கள சாமியாக்கி வெச்சிருக்கீங்க?"

எல்லம்மா சொன்னாள். அய்யாசாமி அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பையன். கெங்கம்மாள் அவனோடு போகப்போகிறாள் என்பது எல்லம்மாவுக்கு முன்பே தெரியும். ஆனால் தெரியும் என்று தங்கையிடம் அவள் காட்டிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் தங்கை குடத்தோடு ஏரிக்குப் போனதும் பின்னாலேயே போனாள். கரையில் வெறும் குடம் மட்டும் இருந்தது. அதைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, தங்கை மூழ்கிவிட்டாள் என்று கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடினாள்.

"ஓடிப் பூட்டான்னு தெரிஞ்சா எங்க நைனா வுடுவாரா? ரெண்டு பேரையும் தேடிப் போய் வெட்டியிருப்பாரு. செத்தவள யாரு தேடுவாங்க, சொல்லு. அய்யாசாமி ஊட்டுக்காரங்களுக்கு வெசயம் தெரியும். வாயத் தொறந்தா அவங்களுக்கும் சாவுதான். எங்கியோ வேல தேடிகினு பூட்டான்னு சொல்லிட்டாங்க. ஏரி ரொம்பி இருந்த வருசம் அது. ஒடம்பு கெடைக்கலன்னு யாரும் சந்தேகப்படல."

"அப்புறம் நீங்களும் கும்புட்டீங்களா?"

"மொத வருசம் பொய்யாத்தான் கும்புட்டேன். அப்புறம் ஜானகிராமன் பொறக்கசொல்ல எனக்கு உசுரு போற மாதிரி ஆச்சி. அவளத்தான் வேண்டிக்கினேன். பொழச்சிட்டேன். இப்ப நான் இன்னான்னு சொல்றது?"

உள்ளே பம்பை நின்று, எல்லோருக்கும் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பூந்தமல்லிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வசந்தா சொன்ன அடையாளத்தை வைத்து எல்லம்மா திருநின்றவூருக்கு வந்தாள். வசந்தா முன்கூட்டியே வந்து வீட்டுக்குள் இருந்தாள். கெங்கம்மாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. முதலில் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"கூட யாரு வந்துகினு கீறாங்க?"

"யாரும் இல்லடி. உன்ன யாரும் தேடல. நீ செத்துட்டன்னு நான்தான் சொல்லிட்டேன்."

எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது கெங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை.

"யாருமே தேடலயா?" என்றாள். "அந்த மனுசன் கடைசிவரைக்கும் தலமாட்டுல கத்தி வெச்சிகினு தூங்கினாரு. இவளுக்கு அம்ம வாத்து சாவக் கெடந்தப்பகூட ஆசுபத்திரிக்குப் போவல. ஊர்க்காரங்க யாராவது பாத்துருவாங்கன்னு பயம். நாப்பது வருசம். ஒருத்தருமே தேடலயா?"

வசந்தாவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. தான் வளர்ந்த அந்தப் பயத்துக்குப் பின்னால் துரத்துகிற ஆளே இருந்ததில்லை. உயிரைக் காப்பாற்றிய பொய்தான் அது. காப்பாற்றப்பட்டவர்களுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை.

பிறகு கெங்கம்மாள் அக்காவிடம் கேட்டாள்: "எனக்கு இன்னா கலர்ல பொடவ வெக்கறீங்க?"

"மஞ்சள்."

"எனக்கு மஞ்சள் ஆவாதுன்னு உனக்குத் தெரியாது?"

அப்போதுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

ஜானகிராமனிடம் எல்லம்மாவே சொன்னாள். அதன்பிறகு பத்துப் பதினைந்து நாள் அவன் கம்பெனிக்கு வண்டி கொண்டுவரவில்லை. வேறு டிரைவரை அனுப்பினான். சடங்குக்கு அவன் வரமாட்டான் என்றே வசந்தா முடிவு செய்திருந்தாள். சடங்கன்று காலையில் பட்டுப்பாவாடை, பழம், பூ என்று சீர்த்தட்டுகளோடு வந்து நின்றான். மாமனாக ராணிக்கு மாலை போட்டான். பொன்னியம்மா தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு கெங்கம்மாளின் எதிரே வந்தவன் கை கூப்புவதா, பேசுவதா என்று தெரியாமல் விழித்தான்.

"சின்னம்மா... நான் வண்டி எடுக்கசொல்ல தெனமும் உங்கள நெனச்சிகினுதான் எடுக்கறேன்" என்றான். "இனிமேட்டு யார நெனைக்கறது?"

கெங்கம்மாள் அவன் கன்னத்தைத் தொட்டாள். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

திருவேங்கடத்துக்கு யாரும் சொல்லவில்லை. அழுது மன்னிப்புக் கேட்கிற தம்பி, உயிரோடு வந்து நிற்கிற அக்காவை, அதுவும் அய்யாசாமியின் மனைவியை, ஏற்பானா என்பதில் எல்லம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. கெங்கம்மாளும் வானகரம் போக விரும்பவில்லை. எல்லம்மாதான் மாதம் ஒருமுறை வந்துபோனாள்.

1997இல் ஒருநாள் காலையில் கெங்கம்மாள் நெஞ்சுவலி வந்து இறந்தாள். ஜானகிராமன் பாடைக்குத் தோள் கொடுத்தான். வானகரத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதால், எல்லம்மா காய்ச்சல் என்று சொல்லித் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தீட்டுக் காத்தாள்.

அடுத்த படையலுக்கு வசந்தாவும் போனாள். பம்பை அடித்து, தண்ணியில போன தாயே என்று கூப்பிட்டார்கள். திருவேங்கடத்தின் மனைவி ஆடினாள். எல்லோரும் வழக்கம்போலக் கும்பிட்டார்கள். எல்லம்மா மட்டும் பானைக்கு முன்னால் விழுந்து, தூக்கி நிறுத்த முடியாதபடி கதறினாள். இத்தனை வருடம் கழித்தும் இந்த அக்காவுக்குத் தங்கைமேல் எவ்வளவு பாசம் என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.