சென்டர் ஸ்டாண்டு

முழங்கால் தேய்ந்த பிறகு திருத்தணிக் கடைத்தெரு எனக்கு நீளமாகிவிட்டது. இன்று காலை காய்கறிப் பையும் கைத்தடியுமாகத் திரும்பும்போது, பாதி வழியிலேயே கால் கெஞ்ச ஆரம்பித்தது.

முன்பெல்லாம் இந்தத் தெருவில் கடைக்குக் கடை ஒரு பெஞ்சு கிடக்கும். பிள்ளைத்தாய்ச்சியாக நான் மூச்சு வாங்க நடந்து வந்தால், ஜவுளிக்கடைக்காரர் "இன்னா வேணும்?" என்று கேட்க மாட்டார். "மொதல்ல குந்தும்மா" என்பார். கூடவே ஒரு சொம்புத் தண்ணீர் வரும். ஒன்றும் வாங்காமல் எழுந்து போயிருக்கிறேன். அவர் முகம் சுளித்ததே இல்லை.

இப்போது அங்கே கண்ணாடிக் கதவு. வாசற்படியில் யாரும் உட்காராதபடி கம்பி வேறு பதித்திருக்கிறார்கள்.

வேறு வழியில்லாமல், ஓரமாக நின்ற ஒரு பைக்கின் சீட்டில் உட்கார்ந்தேன். சாவியோடு ஒருவர் ஓடி வந்தார்.

"அம்மா, எழுந்திருங்க!"

"ஏன்ப்பா, நான் குந்துனா உன் வண்டி தேஞ்சிடுமா?"

"அதில்லம்மா, சைடு ஸ்டாண்டுல நிக்குது. சாஞ்சிடும்."

என்னைக் கைபிடித்து எழுப்பினார். வண்டியை இழுத்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"ஆங், இப்ப குந்துங்க."

"நீ கெளம்பணுமே?"

"கே.ஜி.கண்டிகைக்குப் போய்கினு இருந்தேன். மெதுவா போயிக்கிறேன், இருங்க."

சொம்புத் தண்ணீர் ஒன்றுதான் குறை.

கடைக்காரர்கள் பெஞ்சைத் திரும்பப் போடும்போது போடட்டும். அதுவரை பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். நாளைக்கும் நான் அந்த வழியாகத்தான் வருவேன்.