பிரதிவாதியோடு பிஸ்டல் பார்க்கப் போனது

துப்பாக்கி உரிமம் என் கைக்கு வந்து சேர்ந்தபோது, யாருக்குப் பயந்து அதைக் கேட்டிருந்தேனோ அந்த மனிதரோடு நல்ல பழக்கமாகிவிட்டிருந்தது.

நான் திருத்தணி கோர்ட்டில் சிவில் வழக்கு நடத்துகிறவள். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வழிப்பாதை. என் கட்சிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வருவார்கள், பிறகு அவர்களின் பிள்ளைகள் வருவார்கள். வீடு ஊருக்கு வெளியே அரக்கோணம் சாலையில் இருக்கிறது. கணவர் எனக்கு அத்தை மகன். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறார். கல்யாணத்துக்கு முன்பும் அவரைப் பாவா என்றுதான் கூப்பிட்டேன், பிறகும் மாற்றத் தோன்றவில்லை.

மணவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் செத்துப்போனான், நிலம் முழுவதும் அவனுடைய அண்ணன் கையில் இருந்தது. பாகம் கேட்டதற்கு, வேண்டுமானால் வீட்டில் சாப்பாடு போடுகிறேன் என்றாராம் அந்த அண்ணன். அவளுக்காக வழக்குப் போட்டேன். விசாரணை சூடுபிடித்த சமயத்தில் ஒருநாள், கோர்ட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அந்த அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நிதானமான குரல்.

"வக்கீலம்மா, நீங்க தெனமும் அரக்கோணம் ரோட்ல ஸ்கூட்டர்ல வந்துகினு போய்கினு இருக்கிறீங்க. அந்த ரோட்ல ஜல்லி லாரிங்க ஜாஸ்தி. பாத்துப் போங்கம்மா."

சொல்லிவிட்டு என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினால் அது சாலைப் பாதுகாப்பு அறிவுரை மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் நிதானமாகப் படித்தார்.

"இதுல மிரட்டல் எங்கம்மா இருக்குது? அக்கறையாத்தான சொல்லிகிறார்?"

"அவர் சொன்ன விதத்தை எழுத முடியாது சார்."

"எழுத முடியாததுக்கு நான் எப்படிம்மா எஃப்.ஐ.ஆர். போடுறது? அவ்ளோ பயமா இருந்தா, லைசென்சு போட்டு ஒரு பிஸ்டல் வாங்கி வச்சிக்கோங்க."

என்னை எழுப்பி அனுப்பத்தான் அவர் அதைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் நிஜமாகவே விண்ணப்பித்துவிட்டேன்.

அதன்பின் அது தன் வழியில் போனது. உண்மையில் ஆபத்து இருக்கிறதா என்று விசாரிக்க வந்த காவலர், மணவூருக்குப் போய் அந்த அண்ணனிடமே விசாரித்திருக்கிறார். இவரால் உங்களுக்கு ஆபத்தா என்று என்னிடம் கேட்டதுபோல, உங்களால் அவருக்கு ஆபத்தா என்று அவரிடம் கேட்டாராம். "தெரியலீங்களே" என்று பதில் சொன்னதாக அந்த அண்ணனே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

இதற்கிடையில் வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கிணற்றோடு சேர்ந்த பாகமே கிடைத்தது. கையெழுத்துப் போட்ட பிறகு அந்த அண்ணன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தப் பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்பு வீட்டுக்கு வந்தது. பாவாதான் இறக்கி வைத்தார். கரும்பு நன்றாகவே இருந்தது. கோர்ட் பக்கம் வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டார். பட்டா, கிரயம் என்று ஏதாவது சந்தேகம் கேட்பார், நானும் சொல்வேன்.

அப்படிப்பட்ட நாளில்தான் உரிமம் வந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் துப்பாக்கியை வாங்கிப் பதிய வேண்டும், இல்லையென்றால் செல்லாது. வேண்டாம் என்று அன்றைக்கே விட்டிருக்கலாம். ஆனால் அந்த உரிமத்துக்காக எவ்வளவு அலைந்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். சான்றிதழுக்காகப் பயிற்சிக்குப் போய், பக்கத்தில் நின்றவருடைய குறி அட்டையைச் சுட்டு ஓட்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். வீணாக்க மனம் வரவில்லை.

இரண்டு பிஸ்டல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று அரசாங்கத் தொழிற்சாலையில் செய்வது, எல்லோரும் வாங்குவது. அதற்குக் காத்திருக்க வேண்டும் என்று சென்னைக் கடைக்காரர் போனில் சொன்னார். இன்னொன்று வடக்கே புதிதாகத் தொடங்கிய ஒரு தனியார் கம்பெனியுடையது. பேரை நான் கேள்விப்பட்டதில்லை, யாருமே கேள்விப்பட்டிருக்கவில்லை. அது உடனே கிடைக்கும். இரண்டுமே முப்பத்திரண்டு போர் என்கிற குழல் அளவு, இரண்டுமே ஒரு குண்டு வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை.

பாவாவிடம் கேட்டேன். தறி மோட்டாரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரிப்பேர் ஆனா ஸ்பேர் எங்க கெடைக்கும்?"

"கம்பெனிக்கே அனுப்பணுமாம்."

"மெக்கானிக் இல்லாத மிஷினு இன்னாத்துக்கு?"

அவர் அளவில் விஷயம் முடிந்தது. கோர்ட்டில் கேட்கலாம் என்றால், துப்பாக்கியைப் பற்றிக் குற்றப்பத்திரிகையில் படித்ததற்கு மேல் அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். கரும்புக்குள் வரும் காட்டுப்பன்றியை விரட்ட, மணவூர்க்காரரான அந்த அண்ணனிடம் உரிமத்தோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. உரிமம் வந்த செய்தி எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

"தனியாப் போவாதீங்கம்மா, ஏமாத்திடுவாங்க. நானும் வரேன்" என்றார்.

சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று பிறகு பாவா பலமுறை கேட்டிருக்கிறார். பழகிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நான் திருத்தணியில் ரயில் ஏறினேன், அவர் மணவூரில் ஏறிக்கொண்டார். கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கடைக்காரர் பச்சைத் துணி விரித்து இரண்டையும் வைத்தார். அரசாங்கத் தொழிற்சாலையுடையது, வேறொருவர் பதிவு செய்து வைத்திருந்தது, பார்க்க மட்டும். அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பாதி வரை இழுத்தேன், அதற்குமேல் வரவில்லை. பேர் தெரியாததை எடுத்தேன். சுலபமாக வந்தது. பிடியும் என் கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

"இது எப்படி?" என்றேன்.

"புதுக் கம்பெனி மேடம். கொஞ்சம்தான் வித்திருக்குது. இதுவரைக்கும் கம்ப்ளெயின்ட் எதுவும் வரல."

"நல்லா இருக்கிறதால வரலியா, கொஞ்சமா வித்ததால வரலியா?"

அவர் யோசித்தார். "ரெண்டும்தான் மேடம்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பிஸ்டலை மணவூர்க்காரரிடம் நீட்டி, "நீங்க பிடிச்சிப் பாருங்க" என்றேன். அவர் ஒரு கண்ணை மூடி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் குறி பார்த்தார்.

"லேசா இருக்குது. பன்னிக்குப் பத்தாது" என்றார். பிறகு, "மனுசனுக்குப் போதும்."

கடைக்காரர் உரிமத்தைப் புரட்டிக்கொண்டே, வாடிக்கையாகக் கேட்கிற தொனியில் கேட்டார். "உங்களுக்கு யாரால மேடம் ஆபத்து?"

நான் என்ன சொல்வதென்று பார்ப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நான்தாங்க அது."

"ஓ, வீட்டுக்காரரா?" கடைக்காரர் சிரித்தார்.

"இல்லீங்க. பிரதிவாதி."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினோம். அப்போதே எனக்குள் பேர் தெரியாததைத்தான் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. சென்ட்ரலில் அவர் வேர்க்கடலைப் பொட்டலம் இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார். திருவள்ளூரில் கூட்டம் இறங்கியது. எதிரும் புதிருமாக உட்கார இடம் கிடைத்தது. கடைக்காரர் கேட்டது மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு டீக்கடையில லாரின்னு சொன்னீங்களே. சும்மா மிரட்டத்தானே சொன்னீங்க?"

அவர் கடலைத் தோலை ஜன்னல் பக்கம் ஊதினார்.

"சும்மா இல்லம்மா. ஒரு டிரைவர்கிட்ட கேட்டேன்."

"இன்னா கேட்டீங்க?"

"செய்வியான்னு."

ரயில் கடம்பத்தூரில் நின்றது. ஒரு பெண் முருங்கைக்காய்க் கட்டோடு ஏறினாள். ரயில் கிளம்பியதும் கேட்டேன்.

"அவன் இன்னா சொன்னான்?"

"வண்டியில ஜி.பி.எஸ். வச்சிட்டாங்கண்ணா, ரூட்டு மாறினா ஓனருக்குத் தெரிஞ்சிடும்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் நடவு வந்துடுச்சி. அதுல மறந்துபூட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது அப்பம்மா. இப்ப இன்னா இருக்குது நமக்குள்ள" என்றார்.

அவர் முகத்தில் வெட்கமோ பயமோ இல்லை. போன வருஷத்து மழையைப் பற்றிப் பேசுகிற முகம். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வாயிலிருந்த கடலையை விழுங்குவதா துப்புவதா என்பதே பெரிய விஷயமாக இருந்தது. விழுங்கினேன். மணவூரில், "வரேம்மா, அந்தச் சின்னதையே வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

திருத்தணி ஸ்டேஷனில் ஸ்கூட்டர் சாவியைத் திருகும்போதுதான் அரக்கோணம் சாலை நினைவுக்கு வந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பாவாவுக்குப் போன் செய்தேன்.

பாவா வந்து கூட்டிப்போனார், வீட்டில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "எது சீக்கிரம் கெடைக்குதோ அத வாங்கிடு" என்றார். ஸ்பேரைப் பற்றிக் கேட்கவில்லை. நான்தான் இப்போது வேண்டாம் என்றேன். பின்னால் வருகிற லாரியை எந்தப் பிஸ்டலால் நிறுத்துவது? அதோடு, கடையில் அதை என் கையாலேயே அவரிடம் கொடுத்து, பிடித்துப் பாருங்கள் என்று சொன்னவள் நான். யாரிடமிருந்து காத்துக்கொள்ள வேண்டும் என்பதே தெரியாதவளுக்கு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தால் என்ன?

போலீசுக்குப் போகலாம் என்று பாவா சொன்னார். ஓடும் ரயிலில் கடலை தின்றுகொண்டு சொன்னதை யார் முன் நிரூபிப்பது? ஆனால் வழக்குப் போட்ட பெண் அந்த மனிதர் வீட்டுக்குச் சுவரை ஒட்டிக் குடியிருக்கிறாள், அவளிடமாவது சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றியது. வரச்சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா. அந்த டிரைவரு எங்க சின்னம்மா புள்ளதான். அன்னிக்கே வந்து சொன்னான்."

"அன்னிக்கேவா?"

"ஆங்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கேச விட்டுடுவீங்கன்னு நெனச்சேம்மா. வேற யாரும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க." தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க தம்பிதான் ஜி.பி.எஸ்.னு சொல்லித் தட்டிவிட்டான். அவன் வண்டியில அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

கோபம் அப்போது வந்தது, அவள் மேல். ரயிலில் அவர் மேல் வராதது எல்லாம் சேர்த்து வந்தது. போய்விட்டு வா என்று மட்டும் சொன்னேன். அவள் போன பிறகு, அன்றைக்கே சொல்லியிருந்தால் வழக்கை விட்டிருப்பேனா என்று உட்கார்ந்து யோசித்தேன். விட்டிருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உரிமத்தைத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் ஒப்படைத்துவிட்டேன். ஆபத்து நீங்கிவிட்டதா என்று அங்கே இருந்தவர் கேட்டார். தேவையில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மணவூர்க்காரர் அடுத்த முறை கோர்ட்டில் பார்த்தபோது, வாங்கிவிட்டீர்களா என்று கேட்டார். இனி என்னிடம் பேச வர வேண்டாம் என்றேன். அவருக்கு அது புரியவில்லை. உண்மையைச் சொன்னதற்கா கோபம் என்று டீக்கடையில் வருத்தப்பட்டாராம். பட்டா, கிரயம் கேட்க இப்போது அவருக்கு வேறு வக்கீல்.

அந்தப் பெண் சில மாதம் கழித்து, தன் ஊர்க்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் நிலத் தகராறு, எதிரில் இருப்பது சொந்த மாமனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.