குளிகைக்கு முன்னே ஊசி

ரத்தம் எடுப்பது ஒரு நிமிட வேலை. அதை எப்போது எடுக்க வேண்டும் என்று ஆளுக்குப் புரியவைப்பதில்தான் எங்கள் தொழிலில் பாதி உயிர் போகும். தொண்ணூறுகளில் பாறசாலையில் ஒரு சின்ன லேபில் ஊசி பிடித்தவள் நான். சர்க்கரை, சளி, சிறுநீர் எல்லாம் அங்கேயே பார்ப்போம். தைராய்டு பார்க்கிற மெஷின் மட்டும் கிடையாது. அந்த ரத்தத்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, எங்கள் ஸ்டீபன் அண்ணன் ரயிலில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவார். இரண்டு நாள் கழித்து ரிசல்ட் வரும். விடிந்ததும் ஒரு வெள்ளை மாத்திரையை முழுங்கிவிட்டு, எப்போது சாயா குடிக்கலாம் என்று கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருக்கும் பாவப்பட்ட ஜனங்களே, உங்கள் கூட்டத்தோடு நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

உள்ளே கிடக்க வேண்டாமா?

மாத்திரைக்கு எங்கள் பக்கம் குளிகை என்று பேர். அன்றைய தைராய்டு குளிகையைப் போடாமல் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். போட்டுவிட்டு வந்தால், அப்போதுதான் உள்ளே போன மருந்தும் சேர்ந்து ரிசல்டைக் குழப்பும். இதைச் சீட்டிலேயே எழுதிக் கொடுப்பேன். காரோடு ஊர்க்காரர், ஜீப் டிரைவர் செல்லையன் அண்ணன் அந்தச் சீட்டைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்று தடவையும் குளிகையைப் போட்டுவிட்டே வந்தார். மூன்றாம் தடவை நான் கத்தியேவிட்டேன். அவர் அசரவில்லை. "குளிகை வேல செய்யுதான்னு பாக்கத்தானே பிள்ளே ரத்தம் எடுக்கிய? அது உள்ள கெடந்தாத்தானே தெரியும்?" என்றார். ஒரு நிமிடம் எனக்கே நியாயமாகத் தோன்றிவிட்டது.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன்: இனி யாராக இருந்தாலும் அன்றைய குளிகையைக் கையில் கொண்டுவந்து எனக்குக் காட்ட வேண்டும், ஊசி குத்தின பிறகுதான் வாயில் போட வேண்டும். அடுத்த முறை செல்லையன் அண்ணன் வாசலில் நின்றே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இன்னா பாரு, கையிலதான் கெடக்கு. நீ ஜெயிச்சாச்சு, போதுமா?"

ரத்தத்துக்குத் தெரியாதா?

புஷ்பம் ஆரியங்கோட்டுக்காரி. புருஷன் தங்கராஜ் ரப்பர் வெட்டுவார். இவள் கூடவே போய் ரப்பர்ப் பால் எடுப்பாள். இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. பார்த்ததில் தைராய்டு குறைவு. அது குறைந்தால் டி.எஸ்.ஹெச் என்று ஒரு எண் ஏறும். அந்த எண் இறங்கின பிறகுதான் பிள்ளையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்தின் அளவைக் கூட்டியாகிவிட்டது. கூட்டிய பதினைந்தாம் நாள் புஷ்பம் வந்து கையை நீட்டினாள்.

நான் எடுக்க மாட்டேன் என்றேன். அளவு மாற்றினால் ஆறு வாரமாவது போக வேண்டும். அதற்கு முன்னால் பார்த்தால் அந்த எண் பாதி வழியில்தான் நிற்கும், வீணாக மனசு உடையும். வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறாளே என்று முதலாளி உள்ளேயிருந்து கனைத்தார். கனைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். புஷ்பத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. நீட்டிய கையை மடக்காமலே கேட்டாள். "பதினஞ்சு நாளா ஒரு நாளு தெற்றாம போட்டேன் அக்கா. அது எனக்க ரத்தத்துக்குத் தெரியாதா?"

ஸாரின் பரீட்சை

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஸார் ஒருவர். அவர் ரிசல்டைப் பார்த்து டாக்டரம்மாவே திகைத்துப்போனார். மருந்து ரத்தத்தில் தாராளமாக ஓடுகிறது. அது ஓடினால் இறங்க வேண்டிய டி.எஸ்.ஹெச் உச்சியில் நிற்கிறது. லேபில் ரத்தம் மாறிப்போயிற்றா என்று என்னிடம் ஆளனுப்பிக் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸாரைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்து, கடைசியாகக் குளிகை வாங்கின கடைச்சீட்டைக் காட்டச் சொன்னேன். சீட்டின் தேதி மூன்று மாதம் பழசு. ஒரு மாதக் குளிகை மூன்று மாதம் எப்படி வந்தது ஸார் என்றேன்.

மனுஷன் மாதக்கணக்கில் மறந்துவிட்டு, டாக்டரம்மா திட்டுவாரே என்று டெஸ்டுக்கு முந்தின நாலு நாளும் மும்மூன்றாக முழுங்கியிருக்கிறார்! ரத்தத்தில் மருந்தை ஏற்றிவிடலாம், டி.எஸ்.ஹெச்சை நாலு நாளில் ஏமாற்ற முடியாது. எங்கள் லேபின் மானம் தப்பியது. ஸார் தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தார். "பரீட்சைக்குத் தலேநாளு உருப்போடுற பிள்ளைகள எத்தன அடி அடிச்சிருப்பேன்! வீட்டில சொல்லீராத பிள்ளே."

இரண்டு குளிகை

ஆறு வாரம் முடிந்து புஷ்பம் வந்தாள். என் சட்டப்படி, குளிகை இருக்கிற முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டிவிட்டு ரத்தம் கொடுத்தாள், கொடுத்து முடித்ததும் முடிச்சை அவிழ்த்தாள். காகிதப் பொட்டலத்தில் இரண்டு குளிகை. ஒன்று வெள்ளை, மற்றது சிவப்பு. இரண்டையும் சேர்த்து வாயில் போடப்போனவளின் கையை எட்டிப் பிடித்துவிட்டேன்.

சிவப்பு, ரத்தசோகைக்கு ஹெல்த் சென்டரில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிகை. அதை ஒரே நேரத்தில் சேர்த்துப் போட்டால், தைராய்டு மருந்தைச் சரியாக உடம்பில் சேரவிடாது. மாதக்கணக்கில் ஒன்றை இன்னொன்று மடக்கிப் போட்டிருக்கிறது! அவளையும் பொட்டலத்தையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அன்று எடுத்த ரத்தத்தின் ரிசல்டும் இறங்காமல்தான் வந்தது. ஆனால் டாக்டரம்மா இந்தத் தடவை அளவைக் கூட்டவில்லை. வெள்ளை விடியக்காலம், சிவப்பு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, மறுபடி ஆறு வாரம் கழித்து டெஸ்ட் என்று எழுதினார். காரணம் பிடிபட்டதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புஷ்பத்துக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "தோட்டத்துக்கு ஓடுற ஓட்டத்துல ஒரு மடக்கு வெள்ளத்துக்கு ரெண்டையும் எறக்கினேன் அக்கா. அதா எனக்க பிள்ளைக்கு எதிரா நின்னது?"

ஹர்த்தால் சனிக்கிழமை

ஆறாம் வாரம் முடிகிற சனிக்கிழமை ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை. புஷ்பம் திங்கட்கிழமை வருவாள் என்று நினைத்து, கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கராஜ் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார். பின்னால் புஷ்பம், பொட்டலம் கையில், வயிற்றில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. இரண்டு நாள் பொறுத்திருக்கலாமே என்றேன். ஆறு வாரமென்றால் ஆறு வாரம்தான் என்று என்னிடமே சட்டம் பேசினாள்.

ரயில் ஓடியது. இறங்கினால் ஆட்டோ கிடைக்காதே என்ற கவலையெல்லாம் இல்லாமல் ஸ்டீபன் அண்ணன் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து வேர்த்து ஒழுகிக்கொண்டு வந்த மனுஷன், வாசலிலேயே கவரை உயர்த்திப் பிடித்து ஆட்டினார். "எறங்கியாச்சு! எனக்குப் பிள்ள பொறந்த அன்னைக்குக்கூட நான் இப்பிடி ஓடல்ல பாத்துக்க."

வாசலில் புஷ்பம்

சில மாதத்தில் புஷ்பம் முழுகாமல் இருந்தாள். அந்தச் சமயத்தில் மருந்து கூடுதல் வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா மாதத்துக்கொரு டெஸ்ட் எழுதினார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மூன்றாம் மாதம் தாண்டிய அன்று நானும் அவளும் ஊசியை வைத்துவிட்டு அழுதோம். பிறந்தது பெண்.

குழந்தைக்கு ஐந்து மாதம் இருக்கும், இடுப்பில் வைத்துக்கொண்டு ரத்தம் கொடுக்க வந்தாள். எனக்கு முன்னால் அவளே வாசலில் நின்று ஒவ்வொருவரின் உள்ளங்கையையும் பார்த்தாள். செல்லையன் அண்ணன் மறுபடி வெறுங்கையோடு, மறந்து முழுங்கிவிட்டேன் என்று இளித்துக்கொண்டு நின்றார். புஷ்பம் குழந்தையை அப்படியே அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இவள நல்லா பாருங்க அண்ணே. நேரம் பாத்து ரத்தம் குடுத்ததுக்குக் கெடச்ச ரிசல்ட் ஆக்கும் இது. வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க!"

இப்போது எனக்கும் தைராய்டு வந்து, போன மாதம் டெஸ்டுக்குப் போன அன்று குளிகையை முழுங்கிவிட்டுத்தான் வரிசையில் நின்றேன் என்பதைப் புஷ்பத்திடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.