ஸ்ரீப்ரியா நின்ற இடம்

திவ்யலட்சுமிக்கு நாற்பத்து நான்கு வயது. சுசீந்திரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்தவள். கணவர் பத்மகுமாருக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடையில் வேலை. அவள் பதினாறு வருடமாக ஒரு ஸ்கேன் சென்டரில் டைப்பிஸ்ட். டாக்டர் படங்களைப் பார்த்துச் சொல்வதை ஹெட்போனில் கேட்டு, அறிக்கையாக அடித்துக் கொடுப்பாள். அடித்தது எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று முதல் மாதமே பழகிக்கொண்டாள்.

குடியிருப்போர் சங்கம் கரமனை ஆற்றுக்கு ஒரு விழா எடுக்கத் தீர்மானித்தது. படித்துறையில் பாட்டு, குழந்தைகளின் ஓவியம், பழைய புகைப்படங்கள். பெண்கள் பத்துப் பேர் வட்டமாக நின்று கைகொட்டிக்களி ஆடுவதென்றும் முடிவாயிற்று. சங்கத்துச் செயலாளர் அஜிதா டீச்சர், ஆறு அருவிக்கரையிலிருந்து கடல்வரை போவதை மலையாளத்தில் பாட்டாக எழுதினார். ஆடும் பத்துப் பேரில் ஒருத்தி பக்கத்து வீட்டு ஸ்ரீப்ரியா. ஐந்து வயது மூத்தவள், உரத்த குரல்காரி. ஒத்திகை நடந்த சங்கத்து ஹாலுக்குத் திவ்யலட்சுமியை இழுத்துக்கொண்டு போனதே அவள்தான். ஆடமாட்டேன் என்றதால், போனில் பாட்டைப் போடுவதும் நிறுத்துவதும் திவ்யலட்சுமியின் வேலையாயிற்று.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை ஸ்ரீப்ரியா ஸ்கேன் சென்டருக்கு வந்தாள். ஒரு மாதமாக வயிற்றுவலி. வெறும் கேஸ் டிரபிள்தான், கிருஷ்ணகுமாரின் தொல்லை பொறுக்காமல் வந்தேன் என்று கணவரைக் குறைசொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். மத்தியானம் அந்த அறிக்கை திவ்யலட்சுமியின் ஹெட்போனுக்கு வந்தது. பெயர், வயது, பிறகு கணையத்தில் கட்டி, பிறகு கல்லீரலிலும். டாக்டரின் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. அவளும் நிறுத்தாமல் அடித்தாள். முடித்ததும் பிழை பார்த்தாள். பிழை இல்லை.

அன்று மாலையும் ஒத்திகை இருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என நினைத்தாள். ஆனால் பாட்டு அவள் போனில் இருந்தது. இடைவேளையில் ஸ்ரீப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"ரிப்போர்ட்டு நீதானே அடிச்சே? என்ன போட்டிருக்கு?"

"டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாருக்கா."

"உனக்கு ஒண்ணும் தெரியாதோ?"

"நான் கேக்கத அடிக்கது மட்டும்தான்."

ஸ்ரீப்ரியா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, முதலிலிருந்து போடச் சொன்னாள். கடைசிவரை ஆடினாள்.

விழா நவம்பரில் நடக்க வேண்டியது. ஐப்பசியின் துலாமழையில் ஆறு படித்துறையை மூடிவிட்டதால் ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்ரீப்ரியா இறந்துபோனாள். சாம்பலை அதே ஆற்றில், கடலுக்குச் சற்று முன்னால் திருவல்லத்தில் கரைத்தார்கள். திவ்யலட்சுமி வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டாள், பாத்திரம் கழுவினாள், அழவில்லை. இவ்வளவு பழகியவள் கல்லுபோல நிற்கிறாளே என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அது வேறு யாரைப் பற்றியோ சொன்னதுபோல இருந்தது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அஜிதா டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஒன்பது பேரை வைத்து ஜோடி சேராது, மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்தவள் நீதான் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மறுக்க ஒரு காரணம் தேட வேண்டும். அது பெரிய வேலையாகத் தோன்றியது. சரி என்றாள். ஆட்டத்தில் உடுத்த எல்லாருக்கும் ஒரேபோல எடுத்த செட்டுமுண்டில் ஸ்ரீப்ரியாவுக்கானது பிரிக்காமலே இருந்தது. அதைக் கிருஷ்ணகுமாரே கொண்டுவந்து கொடுத்தார்.

விழாவன்று சாயங்காலம் நல்ல வெயில். ஆகாயத்தாமரையை வாரி எடுத்திருந்ததால் தண்ணீர் தெரிந்தது. படித்துறைக்கு மேலே கயிறு கட்டிக் குழந்தைகளின் ஓவியங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பாட்டு தொடங்கியதும் திவ்யலட்சுமியின் கால்கள் தாமாகவே நகர்ந்தன. பாட்டில் ஆறு திருவல்லத்துக்கு வந்ததும் பத்துப் பேரும் குனிந்து கைகளைத் தரைவரை இறக்க வேண்டும். அவளும் குனிந்தாள், கைகளை இறக்கினாள், நிமிர்ந்தாள். தப்பில்லாமல் ஆடி முடித்தாள். கூட்டம் கைதட்டியது.

கிருஷ்ணகுமார் கீழ்ப்படியில் நின்றிருந்தார். அவளைத் தனியாக வரச் சொன்னார்.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமில்லா?"

"தெரியும்ண்ணே."

"அவளுக்கும் தெரியும். ஹால்ல இருந்து வந்ததும் எங்கிட்ட சொன்னா. திவ்யா முகத்தப் பாத்தேன், நல்ல சமாச்சாரம் இல்லன்னு. நீங்க அவகிட்ட ஒண்ணும் கேக்கப்பிடாது, அந்தப் பிள்ள பாவம்ன்னு."

"அக்கா கோவப்பட்டாங்களா?"

"கோவம் எதுக்கு? மறுநாளும் உன்னயக் கூட்டிட்டுத்தானே ஒத்திகைக்குப் போனா."

இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். திவ்யலட்சுமி தலையாட்டினாள். இப்போதாவது நெஞ்சுக்குள் ஏதாவது அசையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை. அதற்குள் காற்று வந்து ஓவியக் கயிற்றின் ஒரு முனை அவிழ்ந்தது. யாரோ அவளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கும்வரை அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரியில் கிருஷ்ணகுமார் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூரில் மகளிடம் போய்விட்டார். ஆட்டத்தைப் பார்த்த நேமம் நூலகத்தார் தங்கள் ஆண்டுவிழாவுக்கும் கூப்பிட்டார்கள். அதற்குள் பத்துப் பேரில் ஒருத்திக்கு ஊர்மாற்றம் வந்துவிட்டது. அவளுக்குப் பதிலாக சிஜி என்ற சின்னப் பெண் சேர்ந்தாள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள், ஸ்ரீப்ரியாவை அறியாதவள். திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் தடுமாறினாள். திவ்யலட்சுமிதான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, நான்கு மாலைகளில் சொல்லிக்கொடுத்தாள்.

சேச்சி சின்ன வயதிலிருந்தே ஆடுவீர்களா என்று சிஜி கேட்டாள்.

"இல்ல, இந்த ஜனவரியில இருந்துதான்" என்றாள் திவ்யலட்சுமி. பிறகு, இடதுகாலை முதலில் வைக்கச் சொன்னாள்.