இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் கோட்டைவிட்டால் மட்டும் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் 'பீப்' என்று சத்தம் வரும். பதினெட்டு வருஷமாக அந்த இருக்கையில் பிழைத்த வாத்தியார், ஆள் கோட்டைவிடும் முன்பே அழுத்திவிடுவார். பழக்கம் முற்றி, சர்ச்சில் யாராவது தாமதமாக நுழைந்தாலும், பாடகர் குழுவில் ஒரு குரல் பிசகினாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். மனைவி முழங்கையால் இடிப்பார்.

அப்படிப்பட்டவர் தலையில் மச்சினன் வந்து விழுந்தான். மனைவியின் தம்பி. பத்து வருஷம் குடித்தவன். அக்கா வீட்டு மிக்சியிலிருந்து இஸ்திரிப்பெட்டிவரை தூக்கிப்போய் விற்றவன். இப்போது ஒன்பது மாதமாகக் குடியில்லை. ஞானஸ்நானம் எடுத்து, முன்வரிசையில் கையை உயர்த்திப் பாடுகிறான். எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். போதகர் ஒரு படி மேலே போய், முதியவர்களை ஆராதனைக்குக் கூட்டிவரும் வேனை ஓட்டும் வேலையை அவனுக்கென்று ஒதுக்கிவைத்தார். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

"ஏங்க, நீங்கதான் அவனுக்குச் சொல்லித் தரணும்."

"வேற வாத்தியாரே கிடைக்கலையா உனக்கு?"

"ஜெபத்துல மன்னிக்கிற வரி வந்தா மட்டும் உங்க குரல் ஓங்குதே, அது யாருக்காம்?"

காரில் ஏறிய நாள் முதல் வாத்தியாருக்குத் தலைவலி. மச்சினன் ஓட்டும்போதும் பாடினான்.

"கண்ணாடியப் பாரு."

"பாக்குறேன் அத்தான்."

"என்னைப் பாக்குற. கண்ணாடியப் பாரு!"

பீப்.

"சிக்னல் இன்னும் பச்சைதானே அத்தான்?"

"மாறும்."

டெஸ்ட்டில் மச்சினன் தோற்றான். "நான்தான்க்கா சொதப்பிட்டேன்," என்று வீட்டில் சொன்னான். போதகரிடமும் அதையே சொன்னான். தெரிந்த விஷயம்தானே என்று வாத்தியாரின் கால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தரையை மிதித்தது.

மறுநாள் அடுத்த தேதி வாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனபோது, டெஸ்ட் எடுத்த ஆய்வாளர் கூப்பிட்டார். "உங்க ஆளு நல்லாத்தான் ஓட்டினாரு. ஒரு அம்மா ரோட்டைக் கடக்க இறங்கினாங்க. பாத்துட்டாரு, ஆனா கால் அசையல. நான்தான் பிரேக்கை அழுத்தினேன். ஏன்யான்னு கேட்டா, 'எப்பவும் அத்தான் அழுத்திடுவாரு சார்'ங்கறாரு. அப்புறம் பதறிப்போய், 'அதை எழுதிடாதீங்க, அவர் பேரு கெட்டுடும்'னாரு."

வாத்தியார் காருக்குள் போய் உட்கார்ந்தார். எரிச்சல் எரிச்சலாக வந்தது. பத்து வருஷம் பொய்யிலேயே காலம் தள்ளியவன், உண்மையைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். திட்டலாம் என்றால் ஒரு பிடியும் சிக்கவில்லை. இவனிடமா மன்னிப்பு வாங்கிக்கொள்வது?

அன்று மாலை இருக்கையில் வலது காலை மடக்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்ன அத்தான், கால் வலியா?"

"ஆமா. ஓட்டு."

முன்னால் ஜீப்ரா கிராசிங்கில் ஒருவர் தள்ளுவண்டியோடு இறங்கினார். மடக்கிய கால் துடித்தது. வாத்தியார் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, 'கர்த்தாவே' என்று பல்லைக் கடித்தார். அது ஜெபமா சலிப்பா என்று அவருக்கே தெரியாது. கார் நின்றது. பீப் சத்தம் வரவில்லை.

"கோட்டு மேல ஏறிட்ட."

"நின்னுச்சுல்ல அத்தான்?"

"நின்னுச்சு," என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "போன தடவை அவன் ஃபெயிலானது என்னால," என்றார். மனைவி தலையாட்டிவிட்டு அவருக்குத் தட்டு எடுத்துவைத்தார். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மச்சினனுக்கு லைசென்ஸ் கிடைத்தது.

முதல் ஞாயிறே வேன் ஏழு நிமிஷம் தாமதம். பாட்டு தொடங்கிவிட்டது. வாத்தியாரின் கால் எழும்பியது; மனைவி திரும்பிப் பார்த்தார். வாத்தியார் எழுந்து, வேன் வந்து நின்ற வாசலுக்கு நடந்தார்.

"மணி என்ன தெரியுமா?"

"மெதுவா ஓட்டச் சொன்ன வாத்தியாரைக் கேளுங்க அத்தான்."

வாத்தியார் வேன் கதவைத் திறந்து முதல் பெரியவருக்குக் கை கொடுத்தார்.