எல்லை கண்டால் இறங்குகிறவள்

கேரளத்து எல்லையோரம் இருக்கிற பாறசாலையிலிருந்து நான் டொராண்டோவுக்குக் கிளம்பும்போதே என் மகன் தன் தங்கச்சியிடம் போனில் சொல்லிவிட்டான்: "அம்மைக்கு அங்க பிடிக்காது கேட்டியா. கிறிஸ்மஸுக்கு முன்ன டிக்கெட் எடுத்து இஞ்ச அனுப்பிரு."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நான் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இரண்டும் என்னைத் தவிர மற்ற எல்லாரிடமும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மகன் பாறசாலையில் எனக்கு அடுத்த வீட்டில் இருக்கிறான். மகள் டொராண்டோவில் ஆஸ்பத்திரி நர்ஸ், தனியாக ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். நானும் சும்மா இருந்தவள் அல்ல. ரிட்டயர் ஆகும்வரை ஆஸ்பத்திரி லேபில் ஊர்க்காரர்களின் நரம்பு தேடி ரத்தம் எடுத்தவள். காஞ்சிரங்குளத்திலிருந்து அம்பூரி வரை என் ஊசிக்குக் கை நீட்டாத குடும்பம் குறைவு. எனக்கு என்ன பிடிக்கும் பிடிக்காது என்று சொல்ல இவன் யார்?

எனக்குப் பிடித்தது. வந்த மாதமே பிடித்துப் போயிற்று.

முதலில் பிடித்தது பஸ். நம்மூரில் பஸ் நிற்கும் முன்பே ஓட வேண்டும், ஏறும் முன்பே அது கிளம்பிவிடும். இங்கே முழங்கால் வலிக்காரி ஒருத்தி நிற்கிறாள் என்று கண்டால் டிரைவர் ஏதோ பொத்தானை அழுத்துகிறார், இத்தனை பெரிய வண்டி யானை முன்காலை மடக்குவது போல ஒரு பக்கமாகத் தாழ்ந்து தருகிறது. முதல் தடவை கண்டபோது எனக்காகவா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. எனக்காகத்தான். இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். நானும் சொல்லிப் பழகினேன், கொஞ்சம் உரக்கவே.

அடுத்தது நூலகம். தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் பேட்டையில் இருப்பதில் ஒரு சுவர் முழுக்கத் தமிழ்ப் புத்தகம். கேரளத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, ஆஸ்பத்திரியில் மலையாளம் எழுதிப் பென்ஷன் வாங்குகிற எனக்கு, கனடாக்காரன் தமிழ்ப் புத்தகம் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறான்! என் பெயர் போட்ட கார்டு கையில் வந்த அன்று மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் பதில் போடவில்லை. போகட்டும்.

கடைகளைச் சொல்லாமல் விட்டால் தீராது. அரைமணி நேரம் வடக்கே போனால் மார்க்கம் என்ற அடுத்த நகரம். அங்கே ஒரு மீன் கடை. சாளை, நெத்திலி, அயிலை எல்லாம் உண்டு, மரச்சீனிக் கிழங்கும் உண்டு. கல்லாவில் யாழ்ப்பாணத்துப் பெண். மீன் வெட்டுகிறவர் கோட்டயத்துக்காரர். நான் அவளிடம் தமிழும் இவரிடம் மலையாளமுமாகப் பேசுவதைக் கேட்டுவிட்டு அவள் ஒருநாள் கேட்டாள்: "அம்மா, நீங்கள் தமிழோ மலையாளமோ?"

"ரெண்டும் ஆக்கும்," என்றேன். "நான் பாறசாலைக்காரி."

பாறசாலை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் நான் சொன்ன தோரணையைப் பார்த்து ஏதோ பெரிய இடம் என்று நினைத்திருப்பாள். ஊரில் தமிழ்க்காரர்களிடம் மலையாளத்தி என்றும் மலையாளிகளிடம் பாண்டிக்காரி என்றும் பேர் வாங்கியவள், இந்தக் கடையில் இரண்டு பேருக்கும் சொந்தக்காரியாக நின்றேன். பெருமைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் அந்தக் கடைக்கு மகள்தான் சனிக்கிழமைகளில் காரில் கூட்டிப்போவாள். பஸ்ஸில் பக்கத்துத் தெருக்கள், நூலகம் வரைதான் எனக்குத் தனியே போக அனுமதி. இலை பழுத்து உதிரத் தொடங்கியபோது அவள் ஒருநாள் உட்கார்ந்து வெளிப்படையாகச் சொன்னாள்.

"அம்மா, பனி விழுந்தா நாலு மாசம் வீட்டுக்குள்ளயாக்கும். நான் வேலைக்குப் போனா நீங்க ஒத்தையில கெடந்து தீனம் வந்திரும். அண்ணன் செல்லுதது சரியோண்ணு தோணுது. தூரத்துக்கும் தனியா போய்ட்டு வரப் படிச்சிட்டா இருங்க. இல்லேன்னா டிக்கெட் எடுத்திரலாம்."

"அவ்வளவுதானே மக்கா? நாளைக்கே மீன்கடைக்குப் போய்ட்டு வாறேன்," என்றேன்.

போனேன். பையும் பஸ் கார்டும் எடுத்து, சரியான பஸ்ஸில் ஏறி, முன்பக்கத்து இருக்கையில் ராணி மாதிரி உட்கார்ந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு பெரிய சந்திப்பு வந்தது. அதற்கப்பால் மார்க்கம் நகரத்துக்கு நல்வரவு என்று ஒரு பலகை. அதைக் கண்டதும் என் கை தானாக மேலே போய் மணிக்கயிற்றை இழுத்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

ஏன் என்று எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். எல்லையிலிருக்கிற களியக்காவிளை வந்தால் கேரளத்துப் பஸ்ஸை விட்டு இறங்குவோம். எல்லையை நடந்து தாண்டுவோம். அந்தப் பக்கம் நிற்கிற தமிழ்நாட்டுப் பஸ்ஸில் ஏறுவோம். நேராகப் போகும் பஸ்ஸும் உண்டு, ஆனாலும் இறங்குவோம். அந்தப் பக்கத்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதை விட்டுக்கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? எல்லை கண்டால் இறங்குவது எங்கள் காலுக்கே தெரியும்.

நான் வந்த பஸ் எல்லையைத் தாண்டி நேராகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாலையைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கத்து நிறுத்தத்தில் நின்று, வேறு நிறத்தில் வந்த மார்க்கத்துப் பஸ்ஸில் ஏறினேன். அது கொஞ்ச தூரம் போய் மேற்கே திரும்பியது. வீடுகள் குறைந்தன. சோளக்காடு வந்தது. ஒரு குதிரை நின்று என்னைப் பார்த்தது. போனை எடுத்தால் சார்ஜ் இல்லை.

பயந்தேனா? கொஞ்சம். ஆனால் உண்மையைச் சொன்னால், காட்சி நன்றாக இருந்தது. கடைசி நிறுத்தத்தில் தலைப்பாகை கட்டிய டிரைவர் எங்கே போகவேண்டும் என்று கேட்டார். மீன் கடைக்கு என்றேன். அவர் குலுங்கிச் சிரித்தார். என்னை அதே பஸ்ஸில் திரும்பக் கூட்டிவந்து, சரியான நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, ஏற வேண்டிய பஸ்ஸையும் காட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அப்படியே வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்த காரியத்தை முடிக்காமல் திரும்புகிற வழக்கம் எனக்கில்லை. கடைக்குப் போய்ச் சாளை வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

வீட்டை அடையும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மகள் ஸ்வெட்டர்கூடப் போடாமல் வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அவள் கையிலிருந்த போனில் மகன், அங்கே விடியும் முன்பே எழுப்பப்பட்டு, கத்திக்கொண்டிருந்தான்.

"அம்மே, இனி ஒரு வார்த்த பேசண்டாம். டிக்கெட் நான் பாத்தாச்சு."

"எலே, நான் காணாம போவல்ல. பஸ்ஸுதான் வேற வழியில போச்சு," என்றேன்.

மகள் சிரிக்கவில்லை. "எனக்குப் பேடியா இருக்கு அம்மா, பயந்தே போனேன். வார்டுல நிக்கும்போ இதையே நெனச்சிட்டு நிக்க என்னால முடியாது," என்றாள்.

மகன் கத்தினால் திருப்பிக் கத்தலாம். இவளிடம் அது நடக்காது. பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். மீனைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வழி தவறியதற்காக இல்லை. இந்த பஸ்ஸும் நூலகமும் அந்தக் கடையும் என் கையை விட்டுப் போகப் போகிறதே என்றுதான். இந்த வயதில் ஒரு ஊர் மேல் இப்படி ஆசை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

சோறு போட்டுவிட்டுச் சொன்னேன்: "வாற சனிக்கிழமை நீயும் வா. காரில் இல்ல, பஸ்ஸில். நான் முன்ன, நீ பின்ன. வாயத் திறக்கப்பிடாது. அதுக்குப் பொறவு டிக்கெட் எடு, எடுக்காம இரு."

அவள் வந்தாள். இரவு டியூட்டி முடித்து வந்தவள், கண் சிவந்திருந்தது. இந்த ஊரில் இத்தனை வருடமாக இருக்கிறாள், பஸ்ஸில் ஏறியது வந்த புதிதில்தான். எந்த வாசலில் ஏறுவது என்று தடுமாறினாள். என்னைக் கண்டதும் டிரைவர் வண்டியைத் தாழ்த்தி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். வழக்கமாக வருகிற சீனத்து அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்து இடம் தந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை, சிரிப்பு ஒன்றுதான். மகள் பின் இருக்கையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெரிய சந்திப்பு வந்தது. பலகை வந்தது. என் கை எழும்பியது. பிடித்து மடியில் வைத்தேன். பஸ் எல்லையைத் தாண்டிப் போயிற்று. ஒருவர்கூட இறங்கவில்லை. என்ன ஊரோ!

கடையில் கல்லாக்காரப் பெண்ணிடம், "என் மகளாக்கும், நர்ஸ்," என்று சொல்லிக் காட்டினேன். மீன் வெட்டுகிறவர் எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நெத்திலியை எடுத்துத் தந்தார். திரும்பும்போது போன வழியே வரவில்லை. நடுவில் பஸ் மாறி, நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, அதன் வாசலிலிருந்தே வீட்டுக்குப் போகும் இன்னொரு பஸ்ஸில் ஏறினோம். மாறுகிற இடத்தில் மகள் எதிர்த்திசை நிறுத்தத்துக்கு நடந்தாள். கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன். பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவளும் பேசாமல் வந்தாள்.

கடைசிப் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெளியே வருஷத்தின் முதல் பனி பொடியாக விழத் தொடங்கியது. அவளுடைய போன் அடித்தது. மகன். அவள் விழித்து, எடுத்துப் பேசினாள்.

"எங்க நிக்கிறிய? டிக்கெட் போடட்டா?" என்று அவன் கேட்பது எனக்கும் கேட்டது.

அவள் ஜன்னலைக் கையால் துடைத்து வெளியே பார்த்தாள்.

"எங்க நிக்கேன்னு எனக்குத் தெரியல்ல அண்ணா," என்றாள். "அம்மைதான் என்னக் கூட்டிட்டுப் போவுது. டிக்கெட் போடண்டாம்."